வாலே என்றதும் முளைத்த வால்

அந்தத் திரையில் நெருப்பு வால் முளைத்த கணத்தில் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மலைப்பாதையில் விளக்கேந்தி நிற்கும் ஒரு சிறு பெண்ணுருவம். சுற்றிலும் மூடுபனி. எதிரே பாலம் அறுந்து கிடந்த பள்ளம். ஆடிக்கொண்டிருந்தவர் விசைப்பலகையில் இரண்டு சொற்களைத் தட்டினார். உடனே அந்தப் பெண்ணின் முதுகுக்குக் கீழிருந்து அவளைவிட நீளமான ஒரு நெருப்பு வால் சுழன்று எழுந்தது. பழுதான போனைக் கொடுத்துவிட்டுக் கடையில் காத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். அந்த விளையாட்டை உருவாக்கிய என் மதினி.

இது ஆடி அமாவாசைக்கு முன்பு நடந்தது. பிறகுதான் நடந்தது என்று அண்ணன் இன்றும் வாதாடுவார். அமாவாசைக் கூட்டம் ஊருக்குள் வந்தபோது வால் கதை கடைத்தெரு முழுக்கப் பேசி முடிந்திருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாள் கிழமை விஷயத்தில் அண்ணனை நம்புவதற்கில்லை.

மதினிக்குச் சொந்த ஊர் திருச்சி. பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு பிறருடைய விளையாட்டுகளுக்கு நிரல் எழுதியவர். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்து, அண்ணனின் செல்போன் கடைப் பின்னறையில் ஒரு கணினியை வைத்துத் தன் சொந்த விளையாட்டைத் தொடங்கினார். மற்ற விளையாட்டுகளில் மந்திரங்கள் ஆயத்தமாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் தீ பறக்கும், அவ்வளவுதான். மதினியின் விளையாட்டில் ஆயத்த மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. ஆடுகிறவர்தான் தமிழ்ச் சொற்களைக் கோத்துத் தனக்கு வேண்டிய மந்திரத்தைச் செய்துகொள்ள வேண்டும். பொருள், உறுப்பு, வினை என்று மூன்று வகைச் சொற்கள். 'பனி சிறகு விரி' என்று தட்டினால் பனியாலான சிறகு விரியும். உறுப்பை விட்டுவிட்டுப் 'பனி விரி' என்றால் பாதையெங்கும் பனி படரும். சொல்லின் முடிவில் ஓர் ஏகாரம் சேர்த்தால் அதன் வலிமை இரட்டிக்கும். பழைய நூல்களைப் புரட்டுகிற பழக்கம் எனக்கு இருந்ததால் சொல் திரட்டும் வேலை என்னிடம் வந்தது. மழைக்கும் மேகத்துக்கும் மட்டும் தமிழில் இத்தனை சொற்களா என்று மதினி வியந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம் கொடுப்பார். தூறலுக்கு ஒன்று, சாரலுக்கு வேறு. திருச்சியில் சாரல் கிடையாது என்பதால் அதற்குத்தான் அவர் அதிகம் மெனக்கெட்டார்.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் பழைய நிறுவனம் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. பெரிய பொறுப்பு. ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். கடையை விட்டு அண்ணனால் பெங்களூர் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். போகாதே என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வழக்கத்துக்கு மாறாகக் கடையைத் தினமும் தானே கூட்டிப் பெருக்கினார். மதினி தனக்குத்தானே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார். "தம்பி, நம்ம வீட்டு ஆள் இல்லாத ஒருத்தராவது இதைக் கடைசி வரைக்கும் ஆடணும். நான் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கக் கூடாது. அப்படி ஒருத்தர் ஆடிட்டா நான் இங்கயே இருந்து இதை முடிக்கிறேன். இல்லேன்னா மூட்டை கட்டிடுறேன்," என்று என்னிடம் சொன்னார்.

ஆடிப் பார்க்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் அண்ணன் கடையில் கூட்டம் சேரும். அருவிக்கடியில் படமெடுக்கப் போய் நனைத்த போன்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். போன் காயும்வரை அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. மதினி தன் மடிக்கணினியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் ஆசையாக ஆடினார்கள். 'போன் ரெடி' என்று அண்ணன் குரல் கொடுத்ததும் மலைப்பாதையிலேயே அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள். "நீங்க கொஞ்சம் மெதுவாத்தான் சரிபண்ணுங்களேன்," என்று மதினி அண்ணனிடம் கெஞ்சியதுகூட உண்டு.

அப்படி வந்தவர்களில் எழுந்து போகாதவர் அண்ணனுடைய சிநேகிதர். கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் ஒரு கிடங்கில் காவல் வேலை. கயிறு கட்டிய பெரிய அட்டைப்பெட்டியில் ஊருக்கெல்லாம் சாமான் சுமந்துகொண்டு விடுப்பில் வந்த வாரமே ஐந்தருவியில் போனைக் குளிப்பாட்டிவிட்டார். உதிரி பாகம் வர நாளாகும் என்றதும், "வரட்டும் மாப்ள, எனக்கென்ன அவசரம்? அங்கனதான் மணி பாத்து உக்காரணும், இங்கனயுமா?" என்று மடிக்கணினி முன்னால் அமர்ந்துகொண்டார். அறுந்த பாலத்தடியில் வழிகாட்ட அவருக்கு நெருப்பு தேவைப்பட்டது. வாயால் கூப்பிடுவது போலவே தட்டினார். 'நெருப்பு வாலே.'

நெல்லைச் சீமையில் பிறந்த யாருக்கும் அதில் ஐயம் இருக்க முடியாது. வா என்று சிநேகிதனைக் கூப்பிட்டால் அது வாலே. ஆனால் மதினியின் நிரலுக்கு எழுத்துத் தமிழ்தான் தெரியும். வால் என்ற உறுப்பு, அதன்மேல் ஏகாரம், ஆகவே இரட்டை வலிமை. வால் முளைத்துவிட்டது.

"ஏ மாப்ள, இங்கன பாருலே! தீயைக் கூப்பிட்டா வாலு வருது!"

"நீ கூப்பிட்ட லட்சணம் அப்படிலே. உனக்கு எதுதான் ஒழுங்கா வந்திருக்கு?" என்றார் அண்ணன்.

"இரு, இதைப் போவச் சொல்லுதேன்" என்று அவர் 'நெருப்பு போலே' என்று தட்டினார். போல என்ற சொல்லும் நிரலில் இருந்தது. அந்தப் பெண் உடம்பெல்லாம் நெருப்பைப் போலவே ஆகி எரியத் தொடங்கினாள். கடை அதிர்ந்தது. மதினி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தான் பெரிதாக நினைத்துச் செய்த ஒன்றைப் பார்த்து ஊர் சிரிக்கிறதே என்பதுதான் அவருடைய வருத்தம். அன்று சாயங்காலமே வால், போல என்ற இரண்டு சொற்களையும் சொற்பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். மறுநாள் கடை விடுமுறை. அண்ணன் எங்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். நல்ல சாரல். வரிசை நகரவே இல்லை. நனைந்துகொண்டு நின்ற மதினி திடீரென்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்கத் தொடங்கினார். அருவிக்குள் இருந்தவன் கரையில் இருந்தவனை வாலே என்றான். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவன் எண்ணெய்க் குப்பி வைத்திருந்தவனை வாலே என்றான். தண்ணீர் இரைச்சலுக்கு மேல் எல்லாத் திசைகளிலிருந்தும் அதே சொல். "ஊரு முழுக்க வாலா இருக்கே தம்பி!" என்று மதினி சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை. முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் கடைக்கு வந்தால் கடையநல்லூர் அண்ணன் பள்ளத்தின் அந்தக் கரையில் இருந்தார். பாலத்தைக் கட்டவில்லை. 'கொடி வாலே சுற்று' என்று ஒரு மந்திரம் செய்து, அந்தப் பெண்ணின் கொடி வாலை மரக்கிளையில் சுற்றவைத்து ஊஞ்சலாடிக் கடந்திருந்தார். மதினி அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார். பள்ளத்தைக் கடக்க அவர் யோசித்து வைத்திருந்த வழிகளில் அது இல்லை. நான் புரிந்துகொண்ட வரை, அவர் இத்தனை நாள் காத்திருந்தது அதற்காகத்தான். தாம் நினைக்காத ஒன்றை, தாம் கொடுத்த சொற்களை வைத்தே ஒருவர் செய்ய வேண்டும். வாலை எடுக்கும் பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பதிலாக லே என்றால் என்னவென்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தார். இனி வாலே என்றால் வாலும் முளைக்கும், நெருப்பும் நாய்க்குட்டியாகப் பின்னால் வரும். பேச்சுவழக்கில் ஒரு வினையோடு இன்னொரு வினையைக் கோக்கவும் வழி வைத்தார்; அப்படிக் கோத்த இடத்தில் மட்டும் வால் முளைக்காது.

ஆடி மாதம் முடியப் போகும்போது கடையநல்லூர் அண்ணன் விளையாட்டின் கடைசி இடத்தில் மாட்டிக்கொண்டார். மலையுச்சி ஊற்றின் வாயை அடைத்துக்கொண்டு மூடுபனியாலான ஒரு காவலன் நிற்பான். இடத்தை விட்டுப் போவதில்லை என்பது அவனுடைய விதி. போ என்றால் அசையமாட்டான், வா என்றால் பாய்வான். நீரால் கூண்டு செய்து அவனை அடைப்பதுதான் மதினி நினைத்த வழி. கூண்டு செய்கிற அளவுக்குக் கடையநல்லூர் அண்ணனுக்குச் சொற்கள் தெரியும். செய்யத்தான் மனமில்லை.

"அவன் பாவம், காவலுக்கு நிக்கான். சம்பளக்காரனைப் போட்டு அடைக்கச் சொல்லுதியே தங்கச்சி" என்றார்.

மதினி வாயைத் திறக்கவில்லை. சொல்லிக்கொடுப்பதில்லை என்பது அவருடைய நிபந்தனை.

விடுப்பு முடிந்து அவர் கிளம்பிய அன்று, திருவனந்தபுரத்துக்குப் போகும் வண்டி கடை வாசலில் நின்றது. சரிசெய்த போனை வாங்க இறங்கியவர் மறுபடி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். "ஏலே, பிளேன் உனக்காக நிக்குமா? எந்திலே" என்று அண்ணன் தோளைப் பிடித்து எழுப்பினார். பிறகு குரலைத் தணித்து, "சரி, போயிட்டு வாலே," என்றார். எழுந்தவர் அப்படியே நின்றார். குனிந்து, நின்றபடியே அதைத் தட்டினார். 'காவல் போயிட்டு வாலே.'

காவலன் தலையசைத்தான். எழுந்து, ஊற்றின் வாயைத் திறந்துவிட்டு, பாதையில் இறங்கி மெல்ல நடந்து போனான். நீர் வழியத் தொடங்கியது. அதன் பிறகு வரும் கடைசிக் காட்சியை எங்கள் வீட்டார் அல்லாத ஒருவர் பார்த்தது அன்றுதான். செயல் முடியும்போது எங்கே இருப்பான் என்பதை மட்டும்தான் காவலனின் விதி பார்க்கும், திரும்பி வரப்போகிறவன் இடத்தை விட்டவன் ஆகமாட்டான் என்று மதினி பிறகு எனக்கு விளக்கினார். அந்த நேரத்தில் அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. வாயில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சிட்டா தங்கச்சி?" என்று கடையநல்லூர் அண்ணன் கேட்டார். "முடிஞ்சிடுச்சுண்ணே" என்றார் மதினி. வண்டி கிளம்பியது.

அன்று பகலிலேயே மதினி நிறுவனத்தைக் கூப்பிட்டு, "நான் வரலைங்க" என்றார். அண்ணன் யாருடைய போனையோ பிரித்து வைத்துக்கொண்டு திருகாணியைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்திருந்தார். தேடி முடிக்க வெகுநேரம் ஆனது. மதினி கணினியைத் திறந்து, காவலன் போனவன் போனவனாகவே இருக்கிறானே, திரும்பி வரும் காட்சி இல்லையே என்று கவலைப்பட்டார். "ஏங்க, இவன் போயிட்டு வர எவ்வளவு நேரம் வைக்கட்டும்?"

மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது: "அவனுக்கு லீவு கெடைக்கணும்லா? ரெண்டு வருசம் வையி."

விளையாட்டு வெளிவந்து இப்போது எங்கெங்கோ ஆடுகிறார்கள். இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் எழுதிக் கேட்கிறார்கள். ஊற்றுக் காவலனைப் போயிட்டு வா என்று அனுப்பினால், திரும்பி வரும்போது கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்து வருகிறானே, அது என்ன பெட்டி என்று. மதினி யாருக்கும் விளக்கம் எழுதுவதில்லை. அடுத்த விடுப்பில் வந்த கடையநல்லூர் அண்ணனைக் கடையில் உட்காரவைத்து அந்தக் காட்சியைக் காட்டினார். காவலன் பெட்டியோடு மலையேறி வருவதை அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய் மறுபடி பார்த்தார்.

"பெட்டி ரொம்பச் சின்னதால்லா இருக்கு தங்கச்சி," என்றார்.

மதினி அன்றே அதைப் பெரிதாக்கினார்.