ஆளுக்கொரு கேம்

காதோரம் கத்தரி அந்தரத்தில் நின்றுவிட்டதா, சலூன்காரர் சாம்பிளுக்கு ஒரு வீடியோ கேம் ஞாபகம் வந்துவிட்டது என்று அர்த்தம். நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியதுதான். வாய் முதலில் திறக்கும், கத்தரி அப்புறம்தான் அசையும். "சார், நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? உங்களுக்குன்னே ஒருத்தன் எங்கியோ உக்காந்து ஒரு கேம் பண்ணி வெச்சிருக்கான் சார்! லிஃப்ட் போவுது. ஒரு மாடியில கதவு தொறந்தா ஆபீஸ். ஒரு மாடியில மழை. ஒரு மாடியில தொறந்தா, கடல் சார், கடல்!" கடல் என்கிறபோது கத்தரி பிடித்த கை அகல விரியும். பழைய வாடிக்கையாளர்கள் அந்த இடம் வருமுன்பே தலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கேமை வாங்கி, பழுது பார்க்கப் போன லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஆடினார். அந்தக் கட்டிடத்தில் இருந்தவர்கள் சாயங்காலம் வரை படியேறினார்கள். சாம்பிளுக்கு இந்தச் செய்தி காதில் விழுந்தபோது, தனக்கே ஏதோ பரிசு கிடைத்தது போல் அன்று வந்தவர்களுக்கெல்லாம் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

சாம்பிள் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, தெரு வைத்தது. பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் ஒருவரோ இருவரோ வீட்டு மூலையில் உட்கார்ந்து செய்து இணையத்தில் விடுகிறார்களே, இண்டி கேம் என்கிறார்களே, அதுதான் சலூன்காரரான இவருக்கு உயிர். ஒரு நாளுக்கு எத்தனை புதிதாக வருகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் வியந்து வியந்து சொல்வார். ஆனால் எதையும் ஆடி முடித்ததாகச் சரித்திரம் இல்லை. முன்பகுதியைக் கொஞ்சம் ருசி பார்ப்பார், அடுத்ததற்குத் தாவிவிடுவார். கேட்டால், "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்ணே. ஒண்ணையே கட்டிக்கிட்டு அழ முடியுமா? அங்க பாருங்க, எவ்ளோ வரிசை கட்டி நிக்குது!" என்பார்.

கடை சின்னது. இரண்டு நாற்காலிகளில் ஒன்று, உட்கார்ந்த ஆளோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும், அதனால் உயரமானவர்களுக்கு மட்டும். சுவரோரம் ஒரு பெஞ்சு. காத்திருப்பவர்களுக்காக, இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற சின்ன கன்சோல் ஒன்று அந்தப் பெஞ்சில் கிடக்கும். வங்கியில் பேனாவைக் கட்டிவைக்கிற மாதிரி அதைச் சுருள் கயிறு போட்டுப் பெஞ்சுக் காலோடு கட்டியிருக்கிறார். திருட்டுப் பயம் இல்லை. ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர் ஆடிக்கொண்டே எழுந்து, பாதி வெட்டிய தலையோடு பஸ் ஏறிவிட்டார்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. உலகத்தில் எத்தனை ஆள் இருக்கிறார்களோ அத்தனை கேம் வேண்டும். "நான் சின்னப் பையனா இருக்கறப்ப ரெண்டே ஜாதி கேம்தான். ஒண்ணு சுடணும், இல்ல பந்த ஒதைக்கணும். எனக்கு யாரையும் சுடவும் வேணாம், ஒதைக்கவும் வேணாம். அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்கும்போது குரலில் இன்றைக்கும் ஒரு கோபம் இருக்கிறது. பிறகு ஒரு நாள், வேலையற்ற ஒரு மத்தியானத்தில், எறும்பு ஒன்று சர்க்கரைத் துணுக்கை வீட்டுக்குச் சுமந்து போகிற கேம் கண்ணில் பட்டது. யாரோ ஒரு பெண் தனியாகச் செய்தது. பெருமழைக்கு நடுவே எறும்பு அந்தத் துணுக்கை ஓர் இலைக்கடியில் நகர்த்தி வைத்ததும் சாம்பிள் கடையில் தனியாக நின்று கைதட்டினார். எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாராம்.

அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் கேம் பொருத்தம் பார்க்கிறார். தபால்காரருக்கு வழிதவறிய புறா. "புறா வீட்டுக்குப் போயிருச்சு!" என்று தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனார். எல்லாம் இப்படியே பலிக்கும் என்றில்லை. பல் டாக்டருக்குக் கொடுத்தது ஒரு பேய் கேம். சிரிக்கிற பேய், சிரித்தால் பல்வரிசை தெரியும், டாக்டருக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்த மனிதர் அதற்கப்புறம் வேறு சலூனில் முடி வெட்டிக்கொள்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிப்பதற்கென்றே வாரம் தவறாமல் ஒருவர் வருவார். சாம்பிளின் மச்சான். மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். பல வருஷமாக ஒரே ஒரு கால்பந்து கேம்தான் ஆடுகிறார், அதில் எந்த ஆட்டக்காரன் எப்போது வழுக்கி விழுவான் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. "இம்புட்டு கேம் வந்து என்ன மாமா? ஆறு நெறையத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கணும். முக்காவாசி குப்பை. எது நல்லதுன்னு தேடறதுக்குள்ள ஆயுசு போயிரும்."

"நக்கிக் குடிச்சாலும் தாகம் தீருதில்ல?"

"உங்களுக்கு எங்க தீருது? அடுத்த வாய்க்காலுக்கு ஓடிட்டே இருக்கீங்க!"

இதற்குச் சாம்பிளிடம் பதில் இல்லாமல் இல்லை, ஆனால் மச்சான் கழுத்தில் கத்தி இருக்கும்போது உணர்ச்சிவசப்படக்கூடாது என்ற தொழில் ஒழுக்கம் உண்டு.

மச்சான் மனது வைத்தால் இன்னொரு கேள்வியும் கேட்பார், அதுதான் சுருக்கென்று குத்தும். "ஆளுக்கொரு கேம் இருக்குங்கறீங்களே, எங்க அக்காவுக்கு எது?"

அந்த அக்காதான் சாம்பிளின் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நாளெல்லாம் அடுத்தவர்கள் வண்டியை மரத்தின் மேலும் மாட்டின் மேலும் ஏற்றிவிடாமல் அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் டிவி பார்க்கும்போது யாராவது வேகமாக நடந்தால்கூட அவர் கால் தரையை அழுத்தும். கல்யாணமான நாளிலிருந்து சாம்பிள் அவருக்கொரு கேம் தேடுகிறார். முதலில் கொடுத்தது, வேறென்ன, கார் கேம். "நாள் பூரா உசிரக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், வீட்டுக்கு வந்தும் ரோட்டப் பாக்கணுமா?" என்று திருப்பிக் கொடுத்தார். செடி வளர்க்கிற கேம், துப்பறிகிற கேம், பூனை கேம், எதுவும் ஒட்டவில்லை. ஒட்டாததற்குப் பாதிக் காரணம் கேம் இல்லை. மனைவி ஆடும்போது சாம்பிள் தோளுக்குப் பின்னால் நின்று, "இப்ப பாரு, இப்ப பாரு, இப்ப ஒண்ணு வரும் பாரு!" என்று குதிப்பார். தவளை தன் வாயால் கெடும் என்பது இவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும், வாய்க்குத்தான் தெரியாது.

சாம்பிளின் ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. எறும்பு சர்க்கரையை இலைக்கடியில் சேர்த்தபோது கைதட்டினாரே, அந்தக் கைதட்டலுக்கு வீட்டில் ஒரு துணை வேண்டும். கடையில் ஆயிரம் பேரிடம் பேசலாம், வீட்டுக்குப் போனால் இந்தச் சந்தோஷத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

போன மாதம் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. கடைசி. அதுவும் புடிக்கலைன்னா இந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்கவே கூடாது. சத்தியம் பண்ணுங்க." சாம்பிள் சத்தியம் பண்ணினார். பண்ணிவிட்டு மாட்டிக்கொண்டார்.

ஒன்றே ஒன்று! எதைக் கொடுப்பது? அத்தனை வாசல் திறந்திருக்கும் வீதியில் எந்த வாசலில் கால் வைப்பது? காலையில் ஒன்று சரியென்று தோன்றும், மத்தியானம் இன்னொன்று வந்து அதைத் தள்ளிவிடும். கேம்கள் வந்து குவிவதே வரம் என்று கொண்டாடிய மனிதர் அந்தக் குவியலுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வாரக்கணக்கில் இதே யோசனை. அந்த நாட்களில் முடி வெட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு பக்கக் கிருதா கொஞ்சம் இறங்கியே இருந்தது.

இப்படியிருக்கையில்தான் அந்த மழை நாள் வந்தது. பட்டப்பகலில் ஊற்றுகிற மழை. மீட்டர் பார்க்கப் போக முடியாமல் மச்சான் வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார், முகம் முழுக்க நுரை. பாதி சவரம் ஆகியிருந்தபோது வகுப்பு ரத்தாகி, குடை மடங்கி, சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி மனைவி உள்ளே வந்தார். பையை வைக்க இடம் வேண்டிப் பெஞ்சிலிருந்த கன்சோலைத் தூக்கினார். கட்டைவிரல் எதிலோ பட்டது. திரை விழித்துக்கொண்டது.

முன்னால் வந்து போன யாரோ பாதியில் விட்ட கேம். உடைந்த வண்டியிலிருந்து கழன்று வந்த ஒற்றைச் சக்கரம் மலைமேலிருந்து உருளுகிறது, அவ்வளவுதான். இடம் சாய்க்கலாம், வலம் சாய்க்கலாம். நிறுத்த முடியாது. சாம்பிள் அதை இரண்டே நிமிஷம் ருசி பார்த்து, "பிரேக்குன்னு ஒரு பட்டன்கூட வெக்கத் தெரியாதவன் பண்ணினது" என்று தீர்ப்பெழுதியிருந்தார். அழிக்க மறந்ததுதான் மிச்சம்.

"ஐயோ, ஓடுது! என்னங்க, இதுல பிரேக் எங்க?" என்றார் மனைவி. அவர் கால் சிமெண்டுத் தரையை ஓங்கி மிதித்தது.

சாம்பிள் வாயைத் திறந்தார். நல்லவேளையாக அதே நொடியில் அவருக்கு உறைத்தது: இது அவர் கொடுத்ததில்லை. தானாக எடுத்தாள். கடைசி வாய்ப்பு இன்னும் செலவாகவில்லை. ஆனால் இப்போது ஒரு வார்த்தை பேசினால் இது தன் கணக்கில் ஏறிவிடும். திறந்த வாயை மூடினார். சலூன்காரர் வாயை மூடுவது எத்தனை பெரிய காரியம் என்று சலூனுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

"அக்கா, அது மாமா குப்பைன்னு தள்ளினது," என்றார் நுரைக்குள்ளிருந்து மச்சான். கத்தியின் பின்பக்கம் அவர் தாடையில் மெல்ல அழுந்தியது.

அக்காவுக்கு அது காதில் விழவில்லை. சக்கரம் துணி காயும் கொடிக்கு அடியில் புகுந்தது, ஒரு சட்டையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது, வாத்துக் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. "ஏய், ஏய், ஏய், தள்ளுங்க, தள்ளுங்கடா!" வாத்துகள் சிதறின. மனைவி சிரித்தார். பிறகு சக்கரம் ஒரு குளத்தில் போய் விழுந்து முழுகியது.

சாம்பிள் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கன்சோலைக் கீழே வைத்துவிடுவாள். இதோ வைக்கப் போகிறாள். பெஞ்சை நோக்கிக் கை தாழ்ந்தது. தாழ்ந்த கை பெஞ்சிலிருந்த பையைத்தான் கீழே தள்ளியது. அவர் செருப்பை உதறிவிட்டு இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி மடக்கிக்கொண்டார். சக்கரம் மறுபடி மலை உச்சியிலிருந்து கிளம்பியது.

இந்தத் தடவை குளத்தைத் தாண்டியது! அதற்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று சாம்பிளுக்கே தெரியாது, அவர்தான் முதல் மலையோடு கிளம்பிவிட்டவராயிற்றே. அங்கே ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் விளக்கேற்றிய ஓர் ஊர், கூரைக்குக் கூரை சக்கரம் துள்ளத் துள்ள ஒவ்வொரு கூரையும் ஒரு சுரம் பாடியது. எவனோ ஒருவன், பெயர் தெரியாதவன், இதையெல்லாம் இத்தனை தூரத்தில் ஒளித்து வைத்திருக்கிறான். சாம்பிளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதையா குப்பை என்றேன்!

"அடேயப்பா, இது எனக்கே தெரியாதே," என்று வாய் தவறி வந்துவிட்டது.

"ஷ்ஷ்! பேசாதீங்க," என்றார் மனைவி, திரும்பிப் பார்க்காமல். "பிரேக்கே இல்லீங்க இதுல... அப்பாடா."

மச்சானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாதத்தை விடுகிற ஆளா அவர்? பாதி முகத்து நுரையோடு நிமிர்ந்து, "பாத்தீங்களா மாமா? நான் சொன்னேன்ல, ஒருத்தருக்கு ஒண்ணு போதும்னு..." என்று ஆரம்பித்தார்.

சாம்பிள் கத்தியை மடித்து வைத்தார். நாற்காலியை மச்சானோடு சேர்த்துச் சத்தமில்லாமல் பெஞ்சின் பக்கம் திருப்பினார். பிறகு, நுரை ஒட்டிய தன் விரலை மச்சானின் உதட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.