ஒட்டாத நோய்

2006இல், வளைகுடாவில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் அம்மையப்பனுக்கு முதலில் வாயெல்லாம் புண். பிறகு நெஞ்சில் கொப்புளங்கள். சட்டை உரசினாலே தோல் கையோடு வந்தது. அவருக்கு இங்கிலீஷ் வராது. ஒரே ஊர்க்காரன், ஒரே ரூம் என்று ஜெயசீலனை நம்பிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். எகிப்து டாக்டர் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னது அவன்தான்.

"நம்ம ஒடம்பே நம்ம தோல எதிரின்னு நெனச்சுத் தாக்குதாம்ண்ணே. யாருக்கும் ஒட்டாதாம். மாத்திரைய மட்டும் திடீர்னு நிறுத்திடக் கூடாதாம்."

மாத்திரையில் கொப்புளங்கள் வற்றத் தொடங்கின. ஒரு வெள்ளிக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தால், அவருடைய தட்டும் டம்ளரும் கதவுக்கு வெளியே கிடந்தன. ரூமில் எல்லாரும் கண் வைத்திருந்த, ஏறி இறங்க வேண்டாத அவருடைய கீழ்க்கட்டிலில் ஜெயசீலனின் போர்வை விரிந்திருந்தது. கேம்ப்பை நிர்வகிக்கும் தஞ்சாவூர்க்காரர் கையில் ஒரு புகார்க் கடிதம்.

"ஒட்டுவாரொட்டியாமே? ரூமே கையெழுத்துப் போட்டிருக்கு. மொதக் கையெழுத்து ஜெயசீலன்."

அம்மையப்பன் ஜெயசீலன் பக்கம் திரும்பினார். "அது ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னத எனக்குச் சொன்னதே இந்தப் பாவிதான் சார்! சொல்லுடா!"

ஜெயசீலன் கட்டிலில் விரித்த போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் தெரியாது சார்," என்றான்.