அம்மா லைசென்ஸ் எடுத்த கதை

பிள்ளைகளா, உங்களுக்குப் பெங்காலி வருகிற வேகத்தில் தமிழ் வராது என்று எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டியாவது இதைப் படித்துவிடுங்கள். தினமும் காலையில் தெருமுனையில் நின்று அம்மா ஓட்டுகிற ஸ்கூல் வேனுக்கு டாட்டா காட்டுகிறீர்களே, அந்த ஸ்டியரிங் அவள் கைக்கு வந்த நாளில் நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

கீழ் வீட்டு பெங்காலி அண்ணி, நீங்கள் பௌதி என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் அம்மாவை வார்டு ஆபீசில் நடந்த அரசாங்க முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார். நம் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி கார்டு எடுக்கத்தான் போனார்கள். அந்தக் கார்டில் குடும்பத் தலைவி என்று அம்மா படம்தான் இருக்கும். நானும் நீங்களும் அவளுக்குக் கீழே வருகிறோம். கார்டோடு திரும்பியவள் இன்னொரு சேதியும் கொண்டுவந்தாள். பெண்களுக்கு அரசு செலவிலேயே கார் ஓட்டக் கற்றுத் தருகிறார்களாம். சொல்லித் தருவதும் ஒரு பெண்தானாம்.

"நீ கார் ஓட்டப் போறியா? டிராம் மணி அடிச்சாலே காதைப் பொத்திக்குவியே!" என்றேன்.

"டிராமை நானா ஓட்டுறேன்? நானே ஓட்டுனா நான் ஏங்க காதைப் பொத்தப் போறேன்?" என்றாள்.

மறுநாளே போய்ப் பெயர் கொடுத்தாள்.

சமையலை முடித்து, உங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்துப் போய் மாதக்கணக்கில் கற்றுக்கொண்டாள். ஆனால் முதல் டெஸ்டில் தேறவில்லை. சரிவான மேட்டில் வண்டியைப் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். வண்டி உருண்டுவிட்டது. அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அது உங்களுக்கு நினைவிருக்காது.

இரண்டாவது டெஸ்ட்தான் பெரிய விஷயம். நம் பேட்டைப் பள்ளி ஒன்றில், பெண் குழந்தைகள் போகும் வேனுக்குப் பெண் டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதத்துக்குள் லைசென்ஸ் வந்தால் வேலை அம்மாவுக்கு. இந்தத் தடவையும் தேறாமல் போனால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

நான் என்ன செய்வேன்? எனக்கு கியரும் தெரியாது, கிளட்சும் தெரியாது. காபிக்கொட்டை அரைக்கத் தெரியும். கடையில் லீவு சொல்லிவிட்டு லேக் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். பெங்காலிக்காரர்கள் பருப்பில் பிழிந்துகொள்ளும் நீளக்காய் இல்லை, நம்மூர் உருண்டைப் பழம். நாலு டயருக்கு நாலு, கைதவறிப் போனால் இருக்கட்டும் என்று ஒன்று கூட.

டெஸ்ட் மைதானத்து ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கார்கள் நின்றன. ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு, அம்மாவுக்குச் சொல்லித் தந்த தீதி, அதாவது அந்த டிரைவிங் அக்கா, போன் பேசிக்கொண்டிருந்தார். இதுதான் பயிற்சி வண்டி என்று தீர்மானித்து, அந்தப் பக்கம் போய், நாலு டயருக்கும் அடியில் பழத்தை வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது டெஸ்ட் எடுக்கும் அதிகாரி அந்தக் காரில் ஏறி, நிழலில் நிறுத்துவதற்காக அதைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பட் பட்டென்று சத்தம். டயர் வெடித்துவிட்டது என்று பதறி இறங்கியவர், நசுங்கிக் கிடந்ததைக் குனிந்து பார்த்தார்.

"யார் வேலை இது?"

நான் கையைத் தூக்கினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஐயோ, உங்களை யாருங்க இதெல்லாம் பண்ணச் சொன்னா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள். பிறகு அவரிடம் பெங்காலியில் விளக்கினாள். "எங்க பக்கம் எலுமிச்சம்பழத்தை நசுக்காம புது வண்டியக் கிளப்ப மாட்டாங்க ஸார். எனக்காக வெச்சது, உங்க வண்டிக்குப் போயிடுச்சு."

அவர் முகத்தில் சிரிப்பில்லை. "நாங்க இதைப் பிழிஞ்சு பருப்புல ஊத்திக்குவோம். நீங்க டயருக்கு ஊட்டுறீங்களா? சரி, அதிர்ஷ்டம் எல்லாம் என் வண்டிக்கு வந்திடுச்சே, இப்ப நீங்க எதை வெச்சு ஓட்டுவீங்க?"

அம்மா துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"தீதி சொல்லிக் குடுத்ததை வெச்சு ஓட்டுவேன் ஸார். எனக்கு அது போதும்."

ஏறினாள். கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்தாள், ஒன்றிலும் இடிக்கவில்லை. மேடு வந்தது. பாதியில் நிறுத்தினாள். நான் பையிலிருந்த மிச்சப் பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்ஜின் உறுமியது. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. நேரே மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அதிகாரிக்கு முன்னால் அலுங்காமல் நின்றது.

"பாஸ்," என்றார் அவர். அப்போதுதான் சிரித்து, என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "தாதா, அடுத்த தடவை வண்டியைப் பார்த்து வைங்க!"

வரிசையில் காத்திருந்த பெண்கள் நம்மூர்க் கல்யாணத்தில் போடுவதுபோலக் குலவை போட்டார்கள். இந்த ஊரிலும் நல்ல காரியத்துக்கு அதுதான். மைதானமே அதிர்ந்தது. தீதி அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தார். அம்மா அழவில்லை. தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவள்போல இடுப்பில் கை வைத்து நின்றாள்.

மகளே, முக்கியமாக உனக்குச் சொல்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் பெண்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஆபீசுக்குப் போய்க் கேள். கூச்சப்படாதே, அது பிச்சை இல்லை, உனக்கென்று வைத்திருப்பது. மகனே, நீ கூடப் போ. பழம் வேண்டாம்.

அன்று அம்மாவும் தீதியும் மைதானத்திலிருந்தே பள்ளிக்குச் சொல்லப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். யாருமில்லை. பையிலிருந்த கடைசிப் பழத்தை வெட்டி, தண்ணீரில் பிழிந்து, உப்புப் போட்டு, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தேன்.