ஆண்டவரோடு ஃபலேசி போட்ட சண்டை

எங்கள் பக்கத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஃபலேசிதான் முதல் ஆளாகப் போய் நிற்பாள். துக்க வீட்டின் பெரிய பானையில் மக்காச்சோளக் களியைக் கட்டி தட்டாமல் கிண்ட அவளுக்கு நிகர் யாருமில்லை. முலாஞ்சே மலையடிவாரத்தில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருந்தன. சபையின் பெண்கள் சங்கத்திலும் இருவரும் ஒன்றாகத்தான் இருந்தோம்.

அந்த வாரம் புயல்மழை விடவேயில்லை. அடுத்த கிராமத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார்.

"இந்த மழையில போகணுமா?" என்றேன்.

"அவரு வெயில் வரட்டும்னு காத்திருந்தா செத்தாரு? வா டோரிக்கா."

அவள் கணவர் கிரெஷாம் மூன்று பெண்பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார். கடைக்குட்டி தியாமிக்கே தானும் வருவேன் என்று தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நனைஞ்சா காய்ச்சல் வரும்டி. அப்பாகிட்ட பத்திரமா இரு" என்று கையை விலக்கிவிட்டுக் கிளம்பினாள் ஃபலேசி.

நண்பகலில் களி கிண்டிக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. பத்து லாரிகள் ஒன்றாக உருண்டு வருவது போன்ற சத்தம். மலைச்சரிவு பிளந்து இறங்கியிருந்தது.

ஓடினோம். என் வீட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டு சேறு நின்றிருந்தது. என் பிள்ளைகள் மாமரத்தடியில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஃபலேசியின் வீடு இல்லை. அந்த இடத்தில் யானை யானையாகப் பாறைகள் கிடந்தன.

அவள் சேற்றில் இறங்கிக் கத்தினாள். "தியாமிக்கே! தியாமிக்கே!"

எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு 'நன்றி சொல்வோம்' என்று பொருள். மறுநாளும் அவள் கத்திக்கொண்டேயிருந்தாள். தோண்ட வந்த இளம் சிப்பாய் ஒருவன் மிரண்டுபோய் என்னிடம் கேட்டான்: "இந்த நேரத்துல யாருக்கும்மா நன்றி சொல்லச் சொல்றாங்க?"

கிரெஷாமும் மூத்த பெண்கள் இருவரும் பிணமாகக் கிடைத்தார்கள். தியாமிக்கே கிடைக்கவேயில்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்களுக்குப் போர்வை கொடுக்க நகரத்திலிருந்து ஒரு போதகர் வந்தார். கொடுப்பதற்கு முன் பிரசங்கம் செய்தார். மறைத்து வைத்த பாவம் உள்ள வீட்டைத்தான் மலை தேடி வரும் என்றார்.

ஃபலேசி எழுந்தாள். "பாஸ்டர், எங்க வீட்டுல என்ன பாவம்?"

"அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளதும்மா."

"அப்ப நடுவுல நீங்க ஏன் வர்றீங்க? நான் சாவு வீட்டுக்குச் சமைக்கப் போனேன். என் புள்ளைங்களை அவர் பாத்திருக்கணும். ஏன் பாக்கலன்னு அவரைத்தான் கேக்குறேன், பதிலும் அவர்தான் சொல்லணும். அவருக்காக நீங்க பொய் சொல்லாதீங்க."

அவள் அங்கேயே கண்ணை மூடினாள். "ஆண்டவரே, உம்மேல எனக்கு அவ்வளவு கோவம். ஆனா விட்டுட்டுப் போகமாட்டேன். நாளைக்கும் வந்து கேப்பேன்."

போதகர் குனிந்த தலை நிமிராமல் போர்வைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த துக்க வீட்டில் அவளைக் கண்டதும் பெண்கள் திகைத்து எழுந்தார்கள்.

"உன்னால எப்படிடி மறுபடி இந்த அடுப்புகிட்ட நிக்க முடியுது?" என்றேன்.

"பசியோட வந்திருக்காங்கல்ல? களி தன்னாலயா வேகும்?" என்றாள். துடுப்பைப் பானையில் இறக்கினாள். நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டேன்.

இப்போது சமவெளியில் எங்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் அவள் என் பக்கத்து வீடுதான். கோயிலில் நன்றிப் பாட்டு தொடங்கினால் அவள் வாய் திறப்பதில்லை. யாரும் அவளைப் பாடச் சொல்வதுமில்லை. பெருமழை பெய்தால் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்கும். "சொல்லும், எங்க வச்சிருக்கீர் என் புள்ளைய?" பிள்ளைகளைப் பறிகொடுக்காத நான்தான் ஜெபிக்கப் பயந்து கிடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கதவைத் தட்டுகிறவள் அவள். "எழுந்திரு டோரிக்கா, மணி அடிச்சாச்சு."