தாழ்ந்த படகில் ஒரு சம்பந்தம்

பேய் என்று ஒன்று இருந்தால் கனடாக் குளிருக்கு முதல் வாரமே ஊருக்குத் திரும்பியிருக்கும் என்று பகிடி விட்டுத் திரிந்தவன் நான். நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

போன கோடை, ஞாயிறு மத்தியானம். என் அக்காவின் மகள் அபிராமி, ஸ்கொட்லாந்துப் பரம்பரையில் வந்த இயனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவளுடைய அப்பா, அதாவது என் அத்தான், அவனோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். படகில் ஏற்றிவிட்டால் எழும்பிப் போக முடியாது அல்லவா? அந்த மூளை என்னுடையது. படகு இயனுடையது. படகுக்குள் தேங்கும் தண்ணீரை வடியவிடப் பின்பக்கத்தில் இருக்கும் ஓட்டைக்கு மூடி போடும் வேலை மட்டும் எனக்கு.

ஒன்ராறியோ வாவியில் கரை சிறுத்துப்போன தூரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இயன் தன் மூதாதையின் கதையைச் சொல்ல, நான் தமிழாக்கினேன். சோமர்லெட் என்ற கடலரசன், பாதி நோர்வேக் கடலோடி, பாதி கேலிக் என்ற பழைய ஸ்கொட்லாந்து இனத்தவன், எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளைக் கப்பற்படையோடு பிடித்து ஆண்டு, கடைசியில் போரிலே செத்தவன். அவன் வம்சம் இன்றைக்கும் உலகமெல்லாம் இருக்கிறதாம். அவன் ஒரு அரசனிடம் பெண் கேட்க, அரசன் மறுத்துவிட்டான். உடனே ஆள் வைத்து அரசனின் கப்பலில் ஓட்டைகள் போட்டு வெண்ணெயால் அடைப்பித்தான். நடுக்கடலில் வெண்ணெய் கரைந்து, பெண்ணைத் தருகிறேன் என்று அரசன் கத்திய பிறகுதான் மர ஆப்பு அடித்தார்கள்.

"உவன் என்னை வெருட்டுறானோடா?"

"சும்மா கதை அத்தான்."

"அப்ப ஏன்ரா என்ர சப்பாத்துக்குள்ள தண்ணி?"

கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன். மூடி அங்கே கிடந்தது!

இயன் கைபேசியில் உதவி கேட்டுக் கத்த, நான் மூடியோடு பின் ஆசனத்துக்குக் கீழே தலையைக் கொடுத்துத் தண்ணீருக்குள் ஓட்டையைத் தடவினேன். மேலே அத்தான், "ஓம், தாறன், தாறன்!" என்று அலறியது கேட்டது. அந்தக் கணமே, நம்பினால் நம்புங்கள், படகுக்கு வெளியே, வாவிக்குள்ளிருந்து டொக், டொக் என்று அடி! என் விரல் நுனியில் ஒரு மரக்கட்டை முட்டி இறுகியது. தண்ணீர் நின்றுவிட்டது. மூடியோ இன்னும் என் கையில்.

கரைக்கு வந்து சேர்ந்து பார்த்தோம். வெளியிலிருந்து அறைந்த மர ஆப்பு, சுற்றிவர வெண்ணெய்.

கல்யாணம் தையில் நடந்தது. இயனின் வேட்டி அவிழாதது இன்னொரு அதிசயம். அன்றைக்குத்தான் அத்தானிடம் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் திடீரெண்டு ஓம் எண்டனீங்கள்? இயன் கேட்டவனோ?"

"அவனுக்கு எங்க தமிழ் தெரியும்? நீதானேடா கீழ கிடந்துகொண்டு, 'பெட்டையைத் தாறியோ' எண்டு கேட்டனி. மரியாதை கெட்டவனே!"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேறென்ன சொல்ல? அந்த நேரம் என் தலை தண்ணீருக்குள், வாய்க்குள் பாதி வாவி.