வைகையில் விட்ட படகு

போன வாரம் நெரிசலில் எங்கள் பஸ் வைகைப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். கையில் மதுரையைச் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டிப் புத்தகம். கோபுரம், மகால், தெப்பக்குளம் என்று எல்லாவற்றுக்கும் பென்சிலால் குறி போட்டிருந்தார். என்னிடம் திரும்பி, "ஆறு எப்பம்மா வரும்?" என்று கேட்டார்.

ஆற்றின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். கீழே மணலில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 'வற்றாத வைகை' என்று கூசாமல் அச்சடித்திருந்தான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன், இந்த ஊருக்கு உண்மையான வழிகாட்டி ஒன்றை நானே எழுதுவதென்று. இங்கே கல்லூரியில் படிக்கிறவளுக்கு அதுகூட முடியாதா? கோபத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் அந்தக் கோபம் அன்றைக்கு வந்ததல்ல. ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடவே வருகிறது.

அப்போது என் பெரியப்பா எங்கள் ஊர் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் காலண்டருக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். மதுரை ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இடமெல்லாம் ஒரே தாளில் வர வேண்டுமாம். நேரில் பார்த்து வரைய ஆவணி வெயிலில் கிளம்பியவரோடு நானும் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். மகாலில் ஒரு தூணை நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிப் பிடித்தும் கை எட்டவில்லை. தண்ணீரில்லாத தெப்பக்குளத்துக்குள் பையன்கள் கிட்டி விளையாடினார்கள். வைகையை நடந்தே கடந்தோம். கழுதைகள் நின்றன. நடு ஆற்றில் ஒரு பெண் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் குடத்துக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு சிரட்டை நீட்டினாள். மதுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று அன்று கேட்டிருந்தால் அந்தக் குழியைத்தான் காட்டியிருப்பேன்.

ஐப்பசியில் அச்சு ஓடியது. மஞ்சள், சிவப்பு, கடைசியாக நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் தாளில் ஏற்றுவார்கள். சிவப்பு ஏறிய அன்று போய்ப் பார்த்தேன். நான் நடந்த மணல் அப்படியே இருந்தது. துள்ளிக் குதித்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் அதன் மேல் நீலம் ஏறிக் கரை புரண்டு ஓடுகிறது. போதாதென்று ஒரு படகு, படகில் குடை பிடித்த ஒருத்தி!

"பெரியப்பா, அங்கன ஏது தண்ணி? படகெல்லாம் விட்டிருக்கீக!"

"ஆர்டர் குடுத்தவுக ஆறு கேட்டாக தாயி. மணலைப் போட்டா எவன் செவுத்துல மாட்டுவான்?"

மெஷின் ஓட்டுகிறவர் தலையை நீட்டி, "ஏ புள்ள, எறங்கி ஒரு நீச்சல் போட்டுட்டு வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. தலைப்பு 'மதுரையில் காணத்தக்கவை'. வகுப்பில் மதுரையைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மேடை எனக்கென்று டீச்சரே சொல்லியிருந்தார். ஒத்திகையில் வைகைக்கு வந்ததும் மணல் என்றேன், கழுதை என்றேன், ஊற்று என்றேன். அச்சாபீசில் மிஞ்சிய காலண்டர்கள் ஊருக்குள் வந்து, வகுப்புச் சுவரிலும் ஒன்று தொங்கியது. டீச்சர் அதைப் பிரம்பால் தட்டினார்.

"அப்ப இது என்ன?"

"பொய் டீச்சர்."

"வரைஞ்சது யாரு?"

"எங்க பெரியப்பா."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "அவுகளையே கூட்டிட்டு வா. மணல்னு அவுக சொல்லட்டும், நீ பேசு" என்றார் டீச்சர்.

பெரியப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். டீச்சர் கேட்டதும் அவர் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சின்னப் பிள்ள டீச்சர். வெயில்ல கண்ணு கூசியிருக்கும். தண்ணி கெடந்துச்சு."

மேடை, சாத்தூரைக்கூடத் தாண்டாத ஒருத்திக்குப் போனது. 'வற்றாத வைகை' என்று அவள் கையை விரித்ததற்குக் கைதட்டல் வேறு. நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அந்தக் காலண்டர்தான். தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்பி, குழாயடியில் ஒரு குடத்துக்கு மல்லுக்கட்டிவிட்டு வருகிற பெண்கள், வருஷம் முடிந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. அவர்கள் மாட்டியிருந்தது மதுரையை அல்ல, தண்ணீரை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. தன் படம் பொய் என்று ஒரு வகுப்பின் முன் சொல்ல, படம் போட்டவருக்கு வாய் வராது என்பதும் விளங்கவில்லை. இப்போது இரண்டும் விளங்குகின்றன. விளங்கியும் ஆறவில்லை. தண்ணீர் விட்டதைப் பொறுத்துக்கொள்ளலாம். என் கண்ணை ஏன் குறை சொன்னார்?

வழிகாட்டிக்கு மூன்று பக்கம் எழுதியாகிவிட்டது. இனி படம் வேண்டும். பெரியப்பாவுக்குக் கை இன்னும் நடுங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குப் போய் அவரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து, உச்சி வெயிலில் ஆற்றுக்குள் உட்கார வைத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரையச் சொல்லப் போகிறேன். வரமாட்டேன் என்றால் நானே வரைவேன். நான் மாடு வரைந்தால் நாய் மாதிரி வரும். வந்தால் வரட்டும்.