பதினொரு மில்லிமீட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம், பினாங்குத் தீவின் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் வானியலில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்த என் மகள் சாப்பாட்டு மேசையில் ஸ்கேலை வீசினாள்.

அவள் ஆராய்ந்தது, வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து ரேடியோ அலைகளை உமிழும் ஒரு சிறிய மூலம். அதன் நடுவிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் பீறிட்ட வாயு இரண்டு புள்ளிகளாகத் தெரியும். இவை இளையவை, வளர்ந்து பல லட்சம் ஒளியாண்டு நீளமாகும் என்றனர் சிலர். அடர்ந்த வாயுவில் சிக்கி வளராமல் நின்றுபோன கிழங்கள் என்றனர் வேறு சிலர். மகள் முதல் கட்சி. அவள் சொல்வது சரியென்றால், பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் புள்ளிகள் விலகியிருக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை பேராசிரியர் தலைப்பை மாற்றச் சொல்லுவார். ஒன்றரை ஆண்டு உழைப்பு வீண்.

"பழைய படத்துல நூத்தி நாப்பது மில்லிமீட்டர்ப்பா. புதுசுல நூத்தி இருபத்தொம்போது. பதினொண்ணு குறையுது! விலகவேண்டியது கிட்ட வந்திருக்கு."

அந்தப் படங்களைக் கடையில் நகல் எடுத்து வந்தது நான். படங்களின் ஓரத்திலிருந்த அளவுக் கோடுகளை எண்ணினேன். இரண்டிலும் பத்துப் பத்து. ஆனால் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை பழையதில் 180 மில்லிமீட்டர், புதியதில் 162.

குடையை எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்கிலுள்ள நகல் கடைக்கு ஓடினேன்.

"அந்தத் தாள் மட்டும் பெருசு அண்ணே. தொண்ணூறு பர்சன்ட்ல போட்டேன்," என்றார் கடைக்கார பாய்.

"யாரைக் கேட்டுச் சுருக்குனீங்க?"

"நீங்கதானே ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னீங்க! நட்சத்திரமா அது? நான் எக்ஸ்ரேன்னு நெனச்சேன் லா."

நான் சொன்னது மூன்று தடவை அல்ல, நான்கு. குடையை விரித்துக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் மகள் 129-ஐ 0.9-ஆல் வகுத்தாள். நூற்று நாற்பத்துமூன்று. மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது. அந்த வேகத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால், அது பிறந்து ஐந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

"கைக்குழந்தைப்பா!" என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை பேராசிரியர் மூலப்படங்களைக் கணினியில் அளந்துபார்த்துவிட்டு, மேலும் இரண்டு ஆண்டு அதையே தொடரச் சொன்னாராம்.

என் மனம் அப்போதும் அடங்கவில்லை. "இத்தனை குட்டிகள் இருக்கு, பெருசு கொஞ்சம்தான்னு நீதானே சொன்னே? இதுவும் பாதியில அணைஞ்சிட்டா?"

"நெறைய அணையும்ப்பா. எது அணையும், எது வளரும்? அதைப் பார்க்கத்தான் ரெண்டு வருஷம் வாங்கியிருக்கேன்," என்றாள்.